பாசிக்குடாவுக்குக் குடும்பமாகப் போகிறீர்களா? சாப்பாட்டுக் காசை முன்கூட்டியே கட்டுவதற்கு முன் பார்க்கவேண்டிய கணக்கு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் அறை பதியக் கூப்பிட்டால் மறுமுனையில் இருப்பவர் முதலில் திகதியைக் கேட்பார். பிறகு ஆட்கள் எத்தனை என்பார். அடுத்தது சாப்பாட்டுத் திட்டம்: "பிபியா, எச்பியா, எஃப்பியா?" பிள்ளைகளோடு போய்ச் சாப்பாட்டுக்கு அலைய முடியாது என்று நினைத்துப் பலர் அந்த இடத்திலேயே "ஃபுல் போர்ட் போடுங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். அறை வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைக்கப் பத்து நிமிடம் பேசிய அதே ஆட்கள், அந்த ஒரு சொல்லில் அதைப்போலப் பல மடங்கைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாசிக்குடாவில் காலைச் சாப்பாட்டை அறையோடு சேர்த்தே எடுங்கள். இரவுச் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்து எடுங்கள். பகல் சாப்பாட்டுக்கு முன்காசு கட்டவேண்டிய தேவை அநேகமான குடும்பங்களுக்கு இல்லை. அறுகம்பே என்றால் கதை வேறு, அதைப் பின்னால் பார்ப்போம்.

பெயருக்குள் என்ன இருக்கிறது

பிபி என்றால் அறையும் காலைச் சாப்பாடும். எச்பி, அதாவது ஹாஃப் போர்ட், அதோடு இரவுச் சாப்பாடு. எஃப்பி, அதாவது ஃபுல் போர்ட், மூன்று வேளையும். ஏஐ என்பது ஆல் இன்க்ளூசிவ்: மூன்று வேளையோடு பின்னேரத் தேநீர், சிற்றுண்டி, குடிவகை எல்லாம்.

பலர் தவறவிடுவது குடிக்கும் தண்ணீரை. எச்பியிலும் எஃப்பியிலும் பொதுவாகச் சாப்பாடு மட்டும்தான் சேரும். காலையில் தேநீரும் கோப்பியும் ஜூஸும் சும்மா வரும். இரவில் அதே மேசையில் வைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்குப் பில் வரும். ஐந்து பேர் இரண்டு இரவு இருந்தால் தண்ணீரும் சோடாவும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற ஒரு தொகையாகிவிடும். வரும் வழியில் வாழைச்சேனையில் ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டு வாங்கி அறையில் வையுங்கள். சாப்பாட்டு மண்டபத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் அறையில் நன்றாகக் குடித்துவிட்டுப் போனால் மேசையில் ஒரு போத்தலோடு சமாளிக்கலாம்.

மூன்று விலைகளைக் கேளுங்கள்

ஒரே விடுதியில், ஒரே திகதிக்கு, மூன்று விலை கேட்கவேண்டும். முதலாவது பிபி விலை. இரண்டாவது எச்பி விலை. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை: பிபியில் தங்கியிருப்பவர் அன்றிரவு நேரே போய் பஃபே சாப்பிட்டால் தலைக்கு எவ்வளவு?

ஒரு உதாரணத்தை எடுப்போம். தாய், தகப்பன், 9 வயதில் ஒரு பிள்ளை, 4 வயதில் ஒரு பிள்ளை, இரண்டு இரவு. கீழே வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நாங்கள் வைத்தவை. உங்கள் விடுதி சொல்லும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

பிபி அறை ஒரு இரவுக்கு 40,000 ரூபாய், எச்பி 54,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 14,000. அது இரண்டு பெரியவர்களின் இரவுச் சாப்பாடு, ஆளுக்கு 7,000. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பாதி, 3,500. நாலு வயதுக்காரருக்கு இலவசம். ஆக ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு 17,500.

அதே பஃபேயை அன்றன்று காசு கட்டிச் சாப்பிட்டால் பெரியவருக்கு 8,000, பிள்ளைக்கு 4,000 என்று சொன்னால் மொத்தம் 20,000. முன்கூட்டியே கட்டினால் ஒரு இரவுக்கு 2,500, இரண்டு இரவுக்கு 5,000 மிச்சம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு இரவு சின்னவருக்குக் காய்ச்சல் வந்து அறையிலேயே இருந்துவிட்டாலோ, ஏறாவூரில் இருக்கும் மாமி "இரவுக்கு வீட்டுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டாலோ போவது 17,500. சாப்பிடாத வேளைக்குக் காசு திரும்பி வராது. 5,000 மிச்சம் பிடிப்பதற்காக 17,500 ஐப் பணயம் வைக்கிறோம் என்பதுதான் இந்தக் கணக்கின் உள்விபரம். இரண்டு இரவும் விடுதியை விட்டு வெளியே போகமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் கட்டுங்கள். தெரியாவிட்டால் பிபியில் பதிந்து, ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குள் வரவேற்பு மேசையில் "இன்றிரவு நாங்கள் இத்தனை பேர்" என்று சொல்லி வையுங்கள். சமையலறைக்கு அந்த நேரம் போதும்.

முன்விலைக்கும் அன்றன்றைய விலைக்கும் வித்தியாசமே இல்லை என்றால் முன்கட்டணத்தை மறந்துவிடலாம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்றால் யோசிக்கலாம்.

பஃபே தவிர மெனுவைப் பார்த்து ஓடர் பண்ணும் வசதி இரவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு மீன் சாப்பாடு 4,200, இரண்டு பேர் பங்கு போடக்கூடிய ஃப்ரைட் ரைஸ் 3,200, பிள்ளைக்குப் பாஸ்தா 1,800, தண்ணீர் 600 என்றால் 9,800. சேவைக் கட்டணமும் வரியும் போட்டால் 12,500 ஐத் தாண்டும். அப்போதும் பஃபேயை விடக் கிட்டத்தட்ட 5,000 குறைவு. சின்னப் பிள்ளைகள் பஃபேயில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள்: அரைத்துண்டு பாண், இரண்டு உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு கரண்டி ஐஸ்கிரீம். பகல் முழுக்கக் கடலில் கிடந்த பிள்ளை ஏழரை மணிக்குக் கண்ணைச் சொருகிவிடும். அந்தக் கோப்பைக்குத்தான் 3,500.

வெளியே சாப்பிடுவதென்றால் பாசிக்குடாவில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய விடுதிகள் கடற்கரையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. காலாற நடந்துபோய்ச் சாப்பிடக் கடைகள் அதிகம் இல்லை. வாழைச்சேனைக்கோ ஓட்டமாவடிக்கோ போகவேண்டும். கொத்து மூன்று பார்சல் 4,500, ஆட்டோ போய்வர 2,500 என்று வைத்தால் 7,000. பஃபேயோடு பார்க்கும்போது ஒரு இரவுக்கு 10,500 மிச்சம். சொந்த வாகனம் இருந்தால் இன்னும் கூட. ஆட்டோக்காரரிடம் காத்து நிற்பதற்கும் சேர்த்து விலையை முதலே பேசுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இந்த வழியை நம்பவேண்டாம்.

"பிளஸ் பிளஸ்" என்ற சொல்

விடுதிக்காரர் விலையைச் சொல்லிவிட்டு மெல்ல "பிளஸ் பிளஸ்" என்றால், சேவைக் கட்டணமும் வரியும் இனித்தான் ஏறப்போகிறது என்று அர்த்தம். சேவைக் கட்டணம் 10%. பெறுமதி சேர் வரி, நாங்கள் வற் என்று சொல்வது, 2024 ஜனவரியிலிருந்து 18%. இவை இரண்டு மட்டுமே 10,000 ரூபாயைக் குறைந்தது 12,800 ஆக்கிவிடும். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5% ஐயும் தனியாகப் பில்லில் காட்டும் இடங்கள் உண்டு. "நெட்" என்று சொன்னால் எல்லாம் அடங்கிய விலை.

இங்கேதான் ஒப்பீடு பிழைக்கிறது. எச்பி விலையை நெட்டாகவும், பஃபே விலையைப் பிளஸ் பிளஸாகவும் சொல்வார்கள், அல்லது மறுதலையாக. அப்படிச் சொன்னதை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பான முடிவுதான் வரும். எல்லா விலையையும் நெட்டாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வரும்போது இன்னொரு விசயம். பல விடுதிகளில் இலங்கை அடையாள அட்டைக்காரருக்கு ரூபாயில் ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலரில் ஒரு விலை. சாப்பாட்டுத் திட்டமும் அப்படியே பிரியும். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தையும் உங்கள் குடும்பத்தையும் ஒரே பெயரில் பதிந்துவிட்டு, வந்து இறங்கியபிறகு விலை மாறுகிறது என்று வாக்குவாதப்படுவது எல்லாருக்கும் மனக்கசப்பு. பதியும்போதே யார் யாரிடம் எந்தக் கடவுச்சீட்டு என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு எச்பி டொலரில் மிக அதிகமென்றால், அவர்கள் பிபியில் தங்கி இரவில் எல்லாரும் சேர்ந்து ஓடர் பண்ணிச் சாப்பிடலாம்.

பிள்ளையின் வயது

6 வயதுக்குக் கீழ் இலவசம், 6 முதல் 12 வரை பாதி என்பது பரவலான வழக்கம். ஆனால் எல்லை விடுதிக்கு விடுதி மாறும். சில இடங்களில் 12 முடிந்தால் பெரியவர், சில இடங்களில் 11 முடிந்தாலே. இலவசம் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் என்றும் ஒரு நிபந்தனை வரும். பிறந்த திகதியைக் கொடுத்துப் பதியுங்கள். பிறப்புச் சான்றிதழைப் படமெடுத்து ஃபோனில் வையுங்கள்.

கூடுதல் கட்டிலுக்கு ஒரு காசு, பிள்ளையின் சாப்பாட்டுக்கு ஒரு காசு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். பிள்ளை உங்கள் கட்டிலில்தான் படுக்கும் என்றால் கட்டில் காசு குறையவேண்டும்.

வாடகை வேனில் போகிறவர்கள் ட்ரைவரை மறந்துவிடுவார்கள். அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் விடுதி தருகிறதா, காசுக்கா இலவசமாகவா என்பதைப் பதியும்போதே பேசுங்கள். இல்லையென்றால் இரவு பத்து மணிக்கு அவருக்குச் சாப்பாடு தேடி அலையவேண்டி வரும். அது அவருக்கும் மரியாதையில்லை.

கடிகாரத்தைப் பாருங்கள்

அறை கிடைப்பது பொதுவாகப் பிற்பகல் 2 மணிக்கு, விடுவது 11 அல்லது 12 மணிக்கு. இரண்டு இரவு எச்பி என்றால் இரண்டு இரவுச் சாப்பாடு, இரண்டு காலைச் சாப்பாடு. எஃப்பி என்றால் இரண்டு பகல் சாப்பாடும் சேரும். எந்த இரண்டு பகல்? அதைக் கேட்காமல் காசு கட்டக்கூடாது. வந்து இறங்கும் நாளின் பகல் சாப்பாடும் கணக்கில் என்றால், நீங்கள் கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ ஆறுதலாகக் கிளம்பி மூன்று மணிக்கு வந்து சேரும்போது பஃபே மூடியிருக்கும். அதற்குப் பதிலாகக் கிளம்பும் நாளின் பகல் சாப்பாட்டைத் தருவார்களா? பல இடங்களில் தருவார்கள், முதலே கேட்டால்.

நடுநாள் பகல் சாப்பாடும் பெரும்பாலும் வீண்தான். விடுமுறையில் பிள்ளைகள் எழும்பி, ஒருதரம் கடலில் இறங்கி, காலைச் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது ஒன்பதரை. அப்பமும் முட்டையும் பழமும் சாப்பிட்டு முடிய பத்தே கால். ஒரு மணிக்கு யாருக்கும் பசியில்லை. மூன்று மணிக்குப் பசிக்கும். அப்போது பஃபே இல்லை. காலை நன்றாகச் சாப்பிட்டு, பகலில் வாழைப்பழம், பிஸ்கட், வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு என்று சமாளித்து, இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கே முடிப்பது பிள்ளைகளின் வயிற்றுக்கும் நல்லது.

பொலனறுவை பார்க்கப் போகும் திட்டம் இருந்தால் அன்றைய பகல் சாப்பாட்டுக்குக் கட்டவேண்டாம், அது ஒரு பகலை முழுதாக விழுங்கும். ஏற்கெனவே எஃப்பி எடுத்துவிட்டீர்கள் என்றால் முதல்நாள் இரவே சொல்லி அதைப் பெட்டிச் சாப்பாடாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். காலையில் கேட்டால் சாண்ட்விச்சும் ஒரு அப்பிளும்தான் வரும்.

கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை வேலை முடித்துப் புறப்படுகிறவர்கள் முதல் இரவுக்கு எச்பி எடுக்கவே வேண்டாம். இரவுப் பஃபே பத்து மணிக்கு முடியும்; ஏழெட்டு மணித்தியாலப் பயணத்துக்கு அது காத்திருக்காது. முதல் இரவு பிபி, இரண்டாம் இரவு எச்பி என்று பிரித்துப் பதியலாம். கேட்டால் செய்துதருவார்கள்.

சமையலறையிடம் கேட்கவேண்டியவை

"பஃபே நிச்சயமா?" இதுதான் முதல் கேள்வி. கிழக்குக் கரையின் சீசன் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை. மாரி தொடங்கி விருந்தினர் குறைந்தால் பஃபே போடமாட்டார்கள். ஒரு சூப், ஒரு பிரதான உணவு, ஒரு இனிப்பு என்று செட் மெனு வரும். நாற்பது வகைக்கு நினைத்துக் கட்டிய காசுக்கு மூன்று கோப்பை. பெரியவர்களுக்கு அது சில வேளை ருசியாகவே இருக்கும், சுடச்சுடச் சமைப்பதால். ஆனால் உறைப்புத் தின்னாத பிள்ளைக்குத் தெரிவு இருக்காது. செட் மெனு என்றால் விலை குறைக்கக் கேட்பது நியாயம்.

வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி, ஆடி அமாவாசை என்று விரதம் இருக்கும் அம்மம்மாவுக்கும் முழு பஃபே விலைதான். அவர் சாப்பிடப்போவது சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, கொஞ்சம் எருமைத் தயிர். அதுவும் மச்சக் கரண்டி படாமல் வேண்டும். அவருக்கு மட்டும் தனியாக ஓடர் பண்ணுவதே மலிவு, அவர் மனதுக்கும் நிம்மதி. ஒரே அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே திட்டத்தில் இருக்கவேண்டும் என்று விடுதி சொல்லலாம். அம்மம்மா வேறு அறை என்றால் அந்தச் சிக்கலும் இல்லை.

ஹலால் பார்ப்பவர்கள் "இறைச்சி ஹலாலா?" என்பதோடு நிறுத்தக்கூடாது. காலையில் பன்றி பேக்கனும் கோழி சொசேஜும் ஒரே தட்டில் சுடப்படுகின்றனவா, புடிங்கிலும் கேக்கிலும் ரம் சேர்கிறதா என்றும் கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் பிபியோடு நின்று, இரவுக்கு ஓட்டமாவடியின் முஸ்லிம் கடைகளுக்குப் போவதுதான் சரி. நோன்பு காலத்தில் தங்கினால் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக விடியுமுன் ஸஹர் நேரத்தில் அறைக்குச் சாப்பாடு தருவார்களா என்று பேசிப் பாருங்கள்.

ஆல் இன்க்ளூசிவ்

குடிக்காத குடும்பத்துக்கு வேண்டாம். அதன் விலையில் பெரும் பங்கு மதுபானத்துக்கானது. குடிப்பவர் ஒருவர் இருந்தாலும் அறையில் இருக்கும் மற்றவருக்கும் சேர்த்தே கட்டவேண்டி வரும். போயா தினத்தில் நாடு முழுக்க மதுபான விற்பனைக்குத் தடை, அதனால் அந்த நாள் இடையில் வந்தால் கட்டிய காசின் ஒரு பகுதி அப்படியே போய்விடும். பதியுமுன் கலண்டரைத் திருப்பிப் பாருங்கள். மதுபானம் இல்லாத ஆல் இன்க்ளூசிவ் விலை என்று ஒன்று சில இடங்களில் உண்டு, ஐஸ்கிரீமும் ஜூஸும் ஓயாமல் கேட்கும் மூன்று பிள்ளைகள் இருந்தால் அதை மட்டும் விசாரிக்கலாம்.

அறுகம்பே

பொத்துவில் பக்கம் போகிறவர்களுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. சீசனில் பிரதான வீதி நெடுகச் சாப்பாட்டுக் கடைகள். சோறு கறி, ரொட்டி, பீட்சா என்று நடந்துபோய் விலை பார்த்து உட்காரலாம். இரவுச் சாப்பாட்டை விடுதியில் கட்டிவைப்பது அந்தத் தெருவையே பார்க்காமல் வருவதுபோல. பிபி போதும். ஆனால் குமண வனவிலங்குப் பூங்காவைப் பார்க்கப் பானமை, உகந்தை வழியாக விடியப்புறம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் காலைச் சாப்பாடு தவறும். முதல்நாள் இரவு பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள். சீசன் முடிந்து கடைகள் பல மூடியிருக்கும் மாதங்களில் மட்டும் இரவுச் சாப்பாடு விடுதியில் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு நாள் போய்வருவது

மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர்க்காரர் பாசிக்குடாவில் தங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. பகல் பஃபேயும் நீச்சல் குளமும் சேர்ந்த டே பேக்கேஜ் பல விடுதிகளில் உண்டு. பகல் சாப்பாட்டுக்கு முன்காசு கட்டுவது பெறுமதியாக இருக்கும் ஒரே இடம் இதுதான், ஏனென்றால் அந்த வேளையை நீங்கள் நிச்சயம் சாப்பிடுவீர்கள். குளம் எத்தனை மணிவரை, உடைமாற்ற இடமும் துவாயும் உண்டா, பருத்தி உடுப்போடு குளத்தில் இறங்க விடுவார்களா என்று மூன்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போய்க் கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பலர்.

அனுப்பவேண்டிய செய்தி

பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம். (திகதி) முதல் இரண்டு இரவு. பெரியவர் 2, பிள்ளைகள் 2, பிறந்த திகதிகள் (இவை). பிபி, எச்பி இரண்டுக்கும் வரி எல்லாம் சேர்ந்த நெட் விலை தேவை. பிபியில் தங்கினால் அன்றன்று இரவு பஃபே பெரியவருக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு? அந்தத் திகதிகளில் பஃபேயா, செட் மெனுவா? மெனுவில் ஓடர் பண்ணலாமா? சாப்பிடாத வேளையை வேறு வேளைக்கு மாற்றலாமா? தண்ணீர் சேருமா?"

பதில் வந்தபின் முற்பணம் போடுங்கள். முற்பணம் எந்தத் திகதிவரை திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே செய்தியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு, பதினைந்து பேராகப் போகும் ஓகஸ்ட் கூட்டங்களுக்கு விலை பேச இடமுண்டு. அறை விலையைக் குறைக்க மறுத்தாலும், "இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலைச் சேருங்கள்", "பன்னிரண்டு வயதுக்காரரைப் பாதி விலையில் போடுங்கள்" என்றால் இணங்குவார்கள்.

தங்கியிருக்கும்போது ஒவ்வொரு வேளையும் கையெழுத்துக்கு வரும் சிறு பில்லில் அறை இலக்கத்தையும் ஆட்தொகையையும் பாருங்கள். திட்டத்தில் அடங்கிய சாப்பாடு தவறுதலாக மேலதிகமாக ஏறுவது நடக்கும். கிளம்பும் காலை வரவேற்பு மேசையில் கூட்டம், வேன் வாசலில், பிள்ளைகள் அழுகை. அப்போது எவரும் வரிவரியாகப் பார்ப்பதில்லை. அதனால் கடைசி இரவு சாப்பிட்டு முடிந்ததும் முழுப் பில்லையும் அச்சடித்துக் கேட்டு, அறையில் இருந்து சரிபார்த்து, பிழையிருந்தால் அன்றிரவே திருத்திக்கொள்ளுங்கள்.